ஏதென்ஸின் பதிவேடும் எங்கள் தகரப்பெட்டியும்

க.பொ.த. உயர்தரக் கலைப்பிரிவுப் பாடப் பட்டியலைப் பார்த்தால் நாகரிகங்கள் வரிசையாக நிற்கும்: பௌத்த நாகரிகம், இந்து நாகரிகம், இஸ்லாமிய நாகரிகம், கிறிஸ்தவ நாகரிகம். அந்த வரிசையில் கிரேக்க உரோம நாகரிகமும் உண்டு. தெல்தெனிய, ரங்கல, உன்னஸ்கிரிய பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் கலைப்பிரிவுக்கு வந்தால் தமிழ், இந்து நாகரிகம், புவியியல் அல்லது அரசியல் விஞ்ஞானம் என்று எடுப்பார்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன். பிறகு ஆசிரியையாகி அதையே படிப்பித்தும் வருகிறேன். கிரேக்க உரோம நாகரிகம் எடுத்த தமிழ்ப் பிள்ளை ஒருவரையும் இந்தப் பக்கம் நான் கண்டதில்லை. படிப்பிக்க ஆள் இல்லை. கையில் கொடுக்கப் புத்தகம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, "அது நமக்கு எதுக்கு?" என்று வீட்டில் கேட்டால் பிள்ளைக்குச் சொல்லத் தெரிவதில்லை.

எனக்குச் சொல்லத் தெரியும். 1990களின் நடுவில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டில், நேர அட்டவணையில் இடம் காலியாக இருந்ததால் அந்த அறிமுகப் பாடத்தை எடுத்தேன். தமிழும் வரலாறும் என் விருப்பப் பாடங்கள். மூன்றாவதாக இது வந்து சேர்ந்தது. எங்கள் குடும்பத்துக்கு நடந்தது என்னவென்று எனக்கு விளங்க வைத்தது மற்ற இரண்டுமல்ல, இதுதான்.

கண்டிக்கும் இலத்தீனுக்கும் உள்ள உறவு பேராதனைக்கு முந்தியது. கண்டி நகரை ஒட்டிய அம்பிட்டியவில் 1893இல் பாப்பரசர் 13ஆம் லியோ ஒரு குருமடத்தை நிறுவினார். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உள்நாட்டிலேயே குருமாரைப் பயிற்றுவிப்பது நோக்கம். நடத்தியவர்கள் பெல்ஜிய நாட்டு இயேசு சபையினர். மெய்யியலும் இறையியலும் அங்கே இலத்தீன் மொழியிலேயே நடந்தன. தமிழ்நாட்டிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் இளைஞர்கள் கடல் தாண்டி வந்து, கண்டிக் குளிரில் இலத்தீனில் வாதம் செய்து பழகினார்கள். 1955இல் குருமடம் புனேக்கு மாறியது. அம்பிட்டியவில் இப்போது இருப்பது இலங்கையின் தேசிய குருமடம். அந்த இளைஞர்கள் வந்த அதே காலத்தில், அதே தமிழ்நாட்டுக் கரையிலிருந்து, என் தாத்தாவின் தகப்பனும் வந்தார். அவர்கள் இலத்தீன் இலக்கணம் படிக்கப் போனார்கள். இவர் கவ்வாத்துக் கத்தியோடு மலை ஏறினார். கண்டியில் இரு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு. பார்த்திருந்தாலும் பேசியிருக்க நியாயமில்லை.

நகரத்துப் பெரிய கல்லூரிகளில் இலத்தீன் என்பது ஒரு வாசற்படி. சட்டம் படிக்க, சிவில் சேவைக்குப் போக, லண்டன் பரீட்சை எடுக்க அதைத் தாண்ட வேண்டும். 1872இல் தொடங்கிய திரித்துவக் கல்லூரிக்கு 1904இல் அதிபராக வந்த ஏ. ஜி. பிரேசர், பையன்கள் இலத்தீனில் சொந்த நாட்டை மறந்துவிடக் கூடாதென்று சிங்களத்தையும் தமிழையும் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தார். வெள்ளைக்கார அதிபர் ஒருவர் சொல்லித்தான் நம்மவர் நம்மொழியைப் படிக்க வேண்டியிருந்தது என்பதில் எனக்கு இன்னமும் கொஞ்சம் கூச்சம் உண்டு. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளையே எழுதினார்கள். 1942இல் ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தராக, இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1952இல் கலைப்பீடம் பேராதனைக்கு வந்தபோது, கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்த மேலைச் செவ்வியல் துறையும் மகாவலிக் கரைக்குக் குடிவந்தது.

அந்தக் காலத்து மாணவர்கள் ஓமரைக் கிரேக்கத்திலும் வேர்ஜிலை இலத்தீனிலும் படித்தார்கள். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணத்துப் பெயர்போன கல்லூரிகளின் பிள்ளைகள்தான் அவர்கள். தோட்டப் பாடசாலையில் அப்போது ஐந்தாம் வகுப்பே பெரிது. அரசாங்கம் அந்தப் பாடசாலைகளைப் பொறுப்பெடுத்ததே 1970களில். 1960 முதல் கலைப்பீடத்தில் சிங்களமும் தமிழும் போதனா மொழிகளாயின. மூலமொழி கற்று வரும் பிள்ளைகள் அருகினார்கள். துறை சாகாமல் இருக்க வேறு வழி வேண்டியிருந்தது: மொழியை விட்டு நாகரிகத்தைப் படிப்பிப்பது, மொழிபெயர்ப்பில் படிக்க வைப்பது. பழைய ஆட்கள் இதைத் தரக்குறைவு என்பார்கள். அந்தத் தரக்குறைவு நடந்திராவிட்டால் என்னைப் போன்றவள் அந்த மண்டபத்துக்குள் கால் வைத்திருக்க முடியாது.

என் தாத்தாவுக்கு ரங்கல பக்கத்துத் தோட்டத்தில் வேலை. அப்பா லயத்தை விட்டு இறங்கி, பழைய தெல்தெனிய பஜாரில் ஒரு கடையில் சிப்பந்தியாக நின்றார். நான் பிறந்த அந்தத் தெல்தெனிய இப்போது தண்ணீருக்கடியில். பிரித்தானிய உதவியோடு மகாவலிக்குக் குறுக்கே 122 மீற்றர் உயரத்தில் விக்டோரியா அணை எழுந்தது. 1984இல் தண்ணீர் ஏறியது; பஜார், பன்சலை, பாலம் எல்லாம் போயின. 1985 ஏப்ரலில் மார்கரெட் தாச்சர் வந்து திறந்து வைத்தார். ஊர் மேட்டுக்கு ஏறிக்கொண்டது. நீர் வற்றும் காலத்தில் பழைய ஊரின் மிச்சங்கள் வெளியே தெரியும். கண்டியிலிருந்து ஆட்கள் படம் பிடிக்க வருவார்கள்.

பேராதனையில் உரோமக் கட்டடக் கலைக்கு வந்தபோது விரிவுரையாளர் பிரான்ஸிலுள்ள பழைய நீர்ப்பாலம் ஒன்றின் படத்தைக் காட்டி, வளைவு எப்படிப் பாரத்தைப் பக்கவாட்டுக்குத் தள்ளுகிறது என்று விளக்கினார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. விக்டோரியா அணையும் வளைவுதான். தண்ணீரின் தள்ளலை இருபுறத்துப் பாறைக்குக் கடத்திவிட்டு நிற்கிறது. தென் பிரான்ஸில் கிளானம் என்ற ஊருக்குப் பக்கத்தில் உரோமர் இப்படியொரு வளைவு அணையை ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கட்டியிருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த வளைவு அணைகளில் அதுவே ஆக மூத்தது.

பாடம் ஆங்கிலத்தில். என் ஆங்கிலம் உன்னஸ்கிரிய பஸ் போல, ஏற்றத்தில் நின்று நின்று போகும். கிட்டோ எழுதிய 'கிரேக்கர்' என்ற நீல அட்டைப் பெலிக்கன் புத்தகத்தை நூலகத்தில் எடுத்து, ஓரத்தில் முன்னவர்கள் பென்சிலால் எழுதிய சிங்கள அர்த்தங்களுக்குப் பக்கத்தில் நான் தமிழ் அர்த்தம் எழுதினேன். புத்தகத்தில் எழுதுவது குற்றம்தான். ஆனால் அந்த ஓரங்கள் இல்லாமல் பலர் கரை சேர்ந்திருக்க மாட்டார்கள். மெசொப்பொத்தேமியா, எகிப்து, கிரீற் தீவு, மைசீனி என்று முதல் தவணை ஓடியது. அரசர் பெயர்களும் பானைத் துண்டுகளும்தான். அதில் எனக்குப் பெரிதாக ஒன்றும் ஒட்டவில்லை.

ஏதென்ஸுக்கு வந்த பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விரிவுரையாளர் ஓர் அம்மையார், மெல்லிய குரல். சனநாயகம் பிறந்த கதையை ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு, கரும்பலகையில் கி.மு. 451 என்று எழுதினார். அந்த ஆண்டில் பெரிக்கிளிஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தான்: தாயும் தகப்பனும் இருவருமே ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். அதுவரை தகப்பன் மட்டும் போதும். ஏன் இந்தச் சட்டம்? அரிஸ்டோட்டிலின் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல் காரணத்தை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. குடிமக்களின் தொகை கூடிவிட்டதாம்.

தொகை கூடிவிட்டது. இந்தக் காரணத்தை நான் வீட்டில் கேட்டு வளர்ந்தவள்.

எங்கள் வீட்டில் ஒரு தகரப்பெட்டி. அப்பாயி அதைக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார். உள்ளே நான்காக மடித்து, மடிப்பு வழியே கிழிந்து, பழுப்பேறிய தாள்கள். தோட்டம் மாறியபோது கொடுத்த டிஸ்சாஜ் சீட்டு. பழைய அரிசிக் கூப்பன் புத்தகத்தின் அட்டை. ஊதா மையில் தாத்தாவின் பெருவிரல் பதிந்த பிரஜாவுரிமை விண்ணப்பப் பிரதி. ஒரு தாளில் அவர் பெயர் ஒரு மாதிரி, மற்றத் தாளில் இன்னொரு மாதிரி; பேரேட்டில் எழுதிய கிளாக்கருக்குக் காதில் விழுந்தபடி. எல்லாவற்றுக்கும் மேலே ஆங்கிலத்தில் தட்டெழுதிய ஒரு கடிதம், நிராகரிப்பு. இடையில் தாத்தா ஊருக்குப் போய் நெடுநாள் தங்கிவிட்டாராம். தொடர்ச்சியாக இந்நாட்டில் வசித்ததற்கு அத்தாட்சி போதாதாம். தங்கச்சி கல்யாணத்துக்குப் போனவர், காய்ச்சலில் விழுந்து தங்கியதை எந்தக் காகிதத்தில் காட்டுவது? "பெரட்டுல பேரு போட்டான், செக்ரோல்ல பேரு போட்டான், கங்காணி கணக்குல பேரு போட்டான். நாட்டுக் கணக்குல மட்டும் பேரு இல்லன்னுட்டான்" என்று அப்பாயி சொல்வார்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பிறகு நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். 1948 நவம்பர் 15க்கு முன் இங்கே பிறந்தவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமென்றால், தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும்; அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பாட்டன் பிறந்ததற்கு யாரிடம் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருந்தது? கண்டியச் சிங்களவரிலும் பலரிடம் இருந்திருக்காது. ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. 1947 தேர்தலில் மலையகம் தன் ஆட்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. 1952 தேர்தலில் ஒருவர்கூட இல்லை. தொகைக் கணக்கு சரியாகிவிட்டது.

ஏதென்ஸிலும் அப்படியொரு கணக்கெடுப்பு நடந்தது என்று அடுத்த விரிவுரையில் கேட்டேன். சட்டம் வந்து சில ஆண்டுகளில் எகிப்திலிருந்து ஓர் அரசன் ஏதென்ஸ் குடிகளுக்குத் தானியம் இனாமாக அனுப்பினான். பங்கு போட வேண்டுமே! யார் குடிமகன், யார் இல்லை என்று வழக்கும் கோள்மூட்டலும் தொடங்கின. ஏறத்தாழ 5,000 பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்டார்கள், மிஞ்சியவர்கள் 14,040 பேர் என்று புளூட்டாக் எழுதுகிறார். இந்தத் தொகையை அறிஞர்கள் அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் பங்கீடு என்று வந்ததும் பக்கத்து வீட்டான் பாட்டன் எங்கே பிறந்தான் என்று கிளறப்படும் என்பதை நம்ப எனக்குப் புளூட்டாக் தேவையில்லை.

ஏதென்ஸில் குடியுரிமையில்லாமல் குடியிருந்தவர்களுக்கு ஒரு தனிப் பதிவு இருந்தது. ஆண் ஆண்டுக்கு 12 திராக்மா, தனித்து வாழும் பெண் 6 திராக்மா தலைவரி கட்ட வேண்டும். பொறுப்பு நிற்க ஒரு குடிமகன் வேண்டும். நிலமோ வீடோ சொந்தமாக வாங்க முடியாது. போர் வந்தால் படையில் சேர வேண்டும். வரி கட்டத் தவறினால் அடிமையாக விற்கப்படலாம். இவர்கள் ஏதோ ஒதுக்குப்புறத்தில் கிடந்தவர்கள் அல்லர். அரிஸ்டோட்டிலே அந்தப் பதிவில் உள்ளவர்தான். ஸ்தாகிராவில் பிறந்து, ஏதென்ஸில் கல்விச்சாலை நடத்தி, குடிமகன் என்பவன் யார் என்ற கேள்விக்கு உலகமே திருப்பித் திருப்பிப் படிக்கும் விளக்கத்தை எழுதிய மனிதர், அந்த நகரத்தில் குடிமகன் இல்லை.

இன்னொன்றையும் அந்த அம்மையார் சொன்னார். பிளேட்டோவின் 'குடியரசு' நூல் முழுவதும் ஓர் உரையாடல். நீதி என்றால் என்ன என்று இரவெல்லாம் பேசுகிறார்கள். எங்கே பேசுகிறார்கள்? பிரேயஸ் துறைமுகத்தில், செபாலஸ் என்ற முதியவரின் குடும்பத்து வீட்டில். சிராக்கியூஸிலிருந்து வந்தவர் அவர். கேடயப் பட்டறை வைத்துப் பணம் சேர்த்த குடும்பம், குடியுரிமை கிடையாது. கி.மு. 404இல் முப்பது பேர் கும்பல் ஆட்சியைப் பிடித்தபோது, அந்த வீட்டின் மூத்த மகன் பொலிமார்க்கஸைப் பிடித்துப்போய் விசாரணையின்றி நஞ்சு கொடுத்துக் கொன்றார்கள். பட்டறையும் பறிபோனது. தம்பி லிசியாஸ் தப்பி ஓடிப் பிழைத்து, திரும்பி வந்து வழக்காடினார். பிளேட்டோ நூலை எழுதியது இவை எல்லாம் நடந்த பிறகு. எந்த வீட்டை மேடையாக்குகிறோம் என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறார் என்பது என் கட்சி.

பெரிக்கிளிஸையும் அவன் சட்டம் விட்டுவைக்கவில்லை. அவனோடு வாழ்ந்த அஸ்பாசியா மிலேட்டஸ் ஊர்ப் பெண். அவளுக்குப் பிறந்த மகன், தகப்பன் போட்ட சட்டப்படியே குடிமகன் இல்லை. கொள்ளைநோயில் முறையான மகன்மார் இருவரும் செத்தபோது, பெரிக்கிளிஸ் சபை முன் நின்று அந்த மகனுக்கு விதிவிலக்குக் கேட்டான். சபை இரங்கியது. மகன் வளர்ந்து தளபதியானான். கி.மு. 406இல் அர்ஜினூசேக் கடற்போரில் வென்று திரும்பிய தளபதிகளை, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றவில்லை என்று அதே சபை கொன்றபோது, கொல்லப்பட்டவர்களில் அவனும் ஒருவன். கருணையால் கிடைத்த குடியுரிமை எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்று அன்றைக்கு நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

உரோமர் எதிர்த் திசையில் போனார்கள். விடுவிக்கப்பட்ட அடிமை குடிமகனாகலாம். தோற்ற ஊர்கள் படிப்படியாகக் குடியுரிமை பெற்றன. கி.பி. 212இல் கரகல்லா பேரரசன் சாம்ராச்சியத்திலிருந்த சுதந்திரமான மக்கள் அநேகமாக எல்லோருக்கும் ஒரே ஆணையில் குடியுரிமை கொடுத்தான். பெருந்தன்மையா? வரி வாங்கும் ஆட்களைக் கூட்டத்தான் என்கிறார் அக்காலத்து வரலாற்றாசிரியர் டியோ கசியஸ். எனக்கு இதில் கசப்பில்லை. இங்கே 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தது. தாத்தாவின் தம்பி குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறிக் கூடலூர்த் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தாத்தா இந்தியாவுக்கு எழுதிக்கொடுக்க மறுத்து, எந்த நாட்டுப் பிரஜையுமில்லாமல் செத்தார். அப்பாவுக்குப் பிரஜாவுரிமை வந்தது 1988இன் 39ஆம் இலக்கச் சட்டத்தால். அது நவம்பர், அடுத்த மாதம் ஜனாதிபதித் தேர்தல். கரகல்லாவுக்கு வரி வேண்டியிருந்தது, இங்கே வாக்கு. எதற்காகக் கொடுத்தாலும் கையில் வந்தது வந்ததுதான். மிச்சமிருந்தவர்களுக்கு 2003இல் இன்னொரு சட்டம் வந்தது.

இந்தப் பாடத்தைத் தமிழர் தமக்கு வேண்டியபடி திருப்பிக்கொண்ட கதை பேராதனைக்குப் புதிதல்ல. க. கைலாசபதி 1957இல் இங்கே பட்டம் பெற்றார். 'தினகரன்' ஆசிரியராக இருந்துவிட்டு விரிவுரையாளராகத் திரும்பி வந்து, ஆய்வுக்குப் பர்மிங்காம் போனார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் தமிழறிஞர் அல்லர். கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன். அயர்லாந்தின் பிளாஸ்கெட் தீவுகளில் மீனவர் வாய்ப்பாட்டுக் கேட்டு, அதிலிருந்து ஓமரை விளங்கிக்கொண்ட மார்க்சியர் அவர். எழுத்தறியாத பாணன் ஆயிரக்கணக்கான அடிகளை எப்படிப் பாடுகிறான்? தயாராக இருக்கும் தொடர்களை எடுத்துக் கோத்துப் பாடுகிறான் என்று மில்மன் பரியும் அல்பர்ட் லோர்டும் யூகோஸ்லாவியாவில் பாடகரைக் கேட்டுக் கண்டுபிடித்ததைக் கைலாசபதி புறநானூற்றின் மேல் வைத்துப் பார்த்தார். 1968இல் ஒக்ஸ்போட் அச்சகம் வெளியிட்ட அவருடைய ஆங்கில நூல் சங்கப் பாணரையும் ஓமரின் பாணரையும் ஒரே பந்தியில் இருத்தியது. அவர் சொன்னதையெல்லாம் பிறகு வந்தவர்கள் ஏற்கவில்லை. சங்கப் பாட்டு வாய்ப்பாட்டு அல்ல, எழுத்துப் புலமையின் விளைவு என்ற கட்சி பலமானது. ஆனால் சங்க இலக்கியத்தை வெறும் பெருமைக்குரிய பண்டமாக வைக்காமல் உலகச் சந்தைக்கு எடுத்துவந்து நிறுத்தியவர் அவர். அவர் நண்பர் கா. சிவத்தம்பியும் அதே தொம்சனிடம் போய், கிரேக்க நாடகத்தை அருகில் வைத்துப் பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்தார்.

பேராதனைச் சரிவில் நாடகாசிரியர் சரச்சந்திர பெயரால் இருக்கும் திறந்தவெளி அரங்கைப் பார்த்தவர்களுக்கு இது வேறு விதமாகவும் விளங்கும். மலைச்சரிவில் படிப்படியாக இருக்கை, அடியில் ஆடுகளம்: கிரேக்க அரங்கின் அமைப்பு அப்படியே. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்துகளைப் பேராதனை மேடைக்குக் கொண்டுவந்தார். கூத்தின் வட்டக்களரி, சுற்றி நிற்கும் பக்கப்பாட்டுக்காரர், அண்ணாவியாரின் மத்தளம். ஈஸ்கிலஸ் காலத்து ஆடுகளத்தையும் பாடற்குழுவையும் விளக்க எனக்குக் கிட்டோவைவிட இவை உதவின.

மேலைத்தேயம் என்று பெயர் போட்ட பாடத்தில் நாமும் இருக்கிறோம் என்பதைப் பாடத்திட்டம் அவ்வளவாகச் சொல்வதில்லை. பேராதனையில் மேலைச் செவ்வியல் கற்பித்த டி. பி. எம். வீரக்கொடி, கிரேக்கரும் உரோமரும் இலங்கையைப் பற்றி எழுதியவற்றையெல்லாம் திரட்டி 1997இல் ஒரு பெரிய நூலாகக் கொடுத்தார். தொலமியின் நிலப்படத்தில் தப்ரபேன் என்ற நம் தீவின் நடுவே மலைகளும், அங்கிருந்து இறங்கும் கங்கை என்ற ஆறும் உண்டு. அது நம் மகாவலி என்பது அறிஞர் முடிவு. பழைய தெல்தெனியவை மூடியிருக்கும் நீர் அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்து படம் வரைந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இவர்களில் எனக்குப் பிடித்தவர் பிளினி. கிளோடியஸ் பேரரசன் காலத்தில் (கி.பி. 41–54), செங்கடல் வரிக் குத்தகைக்காரர் அன்னியஸ் பிளோகாமஸின் ஆள் ஒருவன் அரேபியாவைச் சுற்றிப் போகையில் காற்றில் அள்ளுண்டு பதினைந்தாம் நாள் தப்ரபேனில் ஒதுங்குகிறான். ஆறு மாதம் இருந்து மொழி படிக்கிறான். அவனிடமிருந்த தினாரிக் காசுகளில் வெவ்வேறு பேரரசர்களின் தலைகள். ஆனால் எடை எல்லாம் ஒன்று. அரசன் அதைக் கண்டு வியந்து, உரோமுக்கு நான்கு தூதர்களை அனுப்புகிறான். அந்தத் தூதர்கள் சொன்னதாகப் பிளினி எழுதி வைத்திருப்பதைப் படித்து விடுதி அறையில் நான் தனியாகச் சிரித்தேன். தப்ரபேனில் யாரும் பகலில் தூங்குவதில்லையாம். தானிய விலை ஏறுவதே இல்லையாம். வழக்குகளும் நீதிமன்றங்களும் கிடையாதாம். தெல்தெனிய நீதிமன்ற வாசலில் தவணை நாளன்று நிற்கும் கூட்டத்தைப் பிளினிக்குக் காட்ட வேண்டும். தூதர் என்று போனவர் வெளிநாட்டில் சொந்த நாட்டைப் பற்றி எப்படிப் பேசுவார் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளில் இதுவும் ஒன்று.

வியாபாரத்திலும் நாம் இருக்கிறோம். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸை இந்தியா உறிஞ்சுகிறது என்று முறையிட்டவர் அதே பிளினி. கி.பி. 408இல் உரோமை முற்றுகையிட்ட அலரிக், பொன்னோடும் வெள்ளியோடும் 3,000 இறாத்தல் மிளகும் கப்பமாகக் கேட்டான். எகிப்தின் பெரெனிக்கே துறைமுகக் கோயிலொன்றில் 7 கிலோவுக்கு மேல் மிளகு, இந்திய ஜாடியில் அப்படியே இருந்து கிடைத்திருக்கிறது. எங்கள் தும்பறைப் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் வீட்டுக்கு வீடு மிளகுக்கொடி படர்ந்திருக்கிறது. கடையில் இறாத்தல் போய்க் கிலோ வந்ததுதான் மாற்றம். சேர, சோழ, பாண்டியரின் காலத்தை நாம் இன்று சொல்லும் தைரியத்துக்கும் அடிப்படை இந்த வெளிநாட்டார் எழுத்துகளும் காசுகளும்தான். வி. கனகசபைப்பிள்ளை 1904இல் பதினெட்டு நூற்றாண்டுக்கு முந்திய தமிழரைப் பற்றி நூல் எழுதியபோது, அவர் மேசையில் தொலமியும் பெரிப்ளஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூலும் இருந்தன.

ஆகவே உயர்தரத்துக்கு வரும் பிள்ளைகளுக்கும் அவர்களின் அம்மா அப்பாவுக்கும் நான் கேட்பது இதுதான். பாடப் பட்டியலில் அந்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு ஏதென்ஸ் எதற்கு என்று கேட்கும் அதிபரிடம் கி.மு. 451ஐயும் 1948ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். பேராதனையிலும் களனியிலும் இந்தத் துறையில் படித்து வெளியே வந்திருக்கும் தமிழர் யாராவது, இருநூறு பக்கத்துக்குள், மலையகப் பிள்ளைக்கு விளங்கும் தமிழில் ஒரு கைநூல் எழுதித் தாருங்கள். தட்டெழுதவும் பிழை பார்க்கவும் இங்கே ஆள் இருக்கிறது.